நவம்பர் ஏழின் கணக்கு

மேரி கியூரி 1867ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று வார்சாவில் பிறந்தார். லிசே மைட்னர் 1878இல், வியன்னாவில், அதே தேதியில். சி.வி. ராமன் 1888இல், திருச்சியை அடுத்த திருவானைக்காவலில், அதே தேதியில். கதிரியக்கம், அணுக்கரு, ஒளிச்சிதறல் என்று பொருளின் உள்ளே நடப்பதைத் துருவிப் பார்த்தே வாழ்ந்தவர்கள் மூவரும். இதோடு நிற்கவில்லை. ரஷ்யப் புரட்சி 1917 நவம்பர் 7. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி பிறந்தது 1879 நவம்பர் 7. அமெரிக்காவின் டக்கோமா தொங்கு பாலம் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி, அறுந்து விழுந்தது 1940 நவம்பர் 7. கமல்ஹாசனின் பிறந்தநாளும் அன்றுதான்.

இப்படி அடுக்கிக்கொண்டே போனால் அந்தத் தேதிக்கே ஏதோ விசேஷம் இருப்பதாகத் தோன்றும். நிகழ்தகவுக் கணக்கு அதை ஒப்புக்கொள்வதில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாள்களுக்கு 23 பேர் எப்படிப் போதும்? 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 253 இணைகள் வருகின்றன. ஒவ்வோர் இணையும் ஒரு வாய்ப்பு. மூவருக்கு ஒரே நாள் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்ட 88 பேர் போதும். இயற்பியலுக்கு நோபல் பெற்றவர்களே இருநூறைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே கியூரி, மைட்னர், ராமன் போல ஒரு மூவர் கூட்டணி எங்காவது ஒரு தேதியில் அமையாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

நம் வீடுகளில் ஜன்ம நட்சத்திரம் பார்க்கும் வழக்கம் உண்டே, அதில் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக வேலை செய்யும். நட்சத்திரங்கள் 27தான். ஏழு பேர் கூடினால் போதும், இருவருக்கு ஒரே நட்சத்திரமாக இருக்கும் வாய்ப்பு 57 சதவீதம். ஒரு கூட்டுக்குடும்பத்தில் தாத்தாவின் நட்சத்திரத்திலேயே பேரன் பிறந்தால் மகிழலாம். அதிசயப்பட அதில் ஒன்றும் இல்லை.

தேதி என்பதே நாம் போட்ட கணக்குதான். பூமி சூரியனைச் சுற்றிவந்து அதே பருவத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 365.2422 நாள்கள் ஆகின்றன. ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டர் இதை 365.25 என்று எடுத்துக்கொண்டது. ஆண்டுக்குப் பதினொரு நிமிடப் பிசகுதான். ஆனால் நூற்றாண்டுகள் கடந்தபோது அது பத்து நாளாக வளர்ந்துவிட்டது. போப் கிரெகரி 1582இல் அந்தப் பத்து நாளை வெட்டினார்: அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இனி நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாத ஆண்டுகள் லீப் ஆண்டு ஆகா என்றும் விதி வந்தது. ரஷ்யாவோ 1918 வரை பழைய காலண்டரையே பிடித்துக்கொண்டிருந்தது.

இதனால் நேர்ந்ததைப் பாருங்கள். பழைய ரஷ்யக் காலண்டரில் புரட்சி நடந்தது அக்டோபர் 25. அதனால்தான் நவம்பரில் கொண்டாடினாலும் அதற்கு அக்டோபர் புரட்சி என்று பெயர். ட்ராட்ஸ்கி பிறந்ததோ பழைய கணக்கில் அக்டோபர் 26. இரண்டும் ஒரே நாள் அல்ல! அவர் பிறந்தபோது இரு காலண்டர்களுக்கும் இடைவெளி 12 நாள். 1900ஆம் ஆண்டைப் பழையது லீப் ஆண்டாக எண்ணியது, புதியது எண்ணவில்லை. இடைவெளி 13 ஆகிவிட்டது. வராத ஒரு பிப்ரவரி 29தான் ட்ராட்ஸ்கியின் பிறந்தநாளையும் புரட்சியையும் ஒன்றாகச் சேர்த்துவைத்தது. பழைய காலண்டரே நீடித்திருந்தால் கியூரியும் மைட்னரும் ராமனும் ட்ராட்ஸ்கியும் அக்டோபர் 26இல் சேர்ந்தே இருந்திருப்பார்கள், புரட்சி மட்டும் ஒரு நாள் முந்தியிருக்கும்.

மைட்னர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வியன்னா யூத சமூகத்தின் பிறப்புப் பதிவேட்டில் அவர் பிறந்த நாள் நவம்பர் 17 என்றே இருக்கிறது. அவர் கொண்டாடியதும் மற்ற ஆவணங்கள் சொல்வதும் 7. கியூரியோடு அவருக்குள்ள உறவு இந்தப் பத்து நாளில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முனைவர் பட்டம் பெற்ற கையோடு கியூரியின் ஆய்வகத்தில் இடம் கேட்டார் மைட்னர், கிடைக்கவில்லை. 1907இல் பெர்லினுக்குப் போனார். அங்கே வேதியியல் நிறுவனத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லாததால், கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில் வேதியியலாளர் ஓட்டோ ஹானோடு ஆய்வைத் தொடங்கினார்.

முப்பது ஆண்டு கழித்து ஹிட்லரின் ஆட்சி அவரைத் துரத்தியது. 1938 ஜூலையில் கைச்செலவுக்குப் பத்து மார்க்கோடு எல்லை தாண்டி, பின்பு சுவீடன் சேர்ந்தார். அதே ஆண்டு பாரிசில் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கி விளங்காத ஒரு பொருளைக் கண்டது மேரி கியூரியின் மகள் ஐரீன் குழு. அதைச் சரிபார்க்கப் புகுந்த பெர்லின் ஆய்வகத்தில் கிடைத்தது பேரியம். யுரேனியத்திலிருந்து அவ்வளவு இலேசான தனிமம் எப்படி வரும் என்று புரியாமல் மைட்னருக்கே எழுதிக் கேட்டார் ஹான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குங்கால்வ் என்ற ஊரில், அக்காள் மகன் ஃபிரிஷ்ஷோடு பனியில் நடந்தபடி மைட்னர் கணக்குப் போட்டார். கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது. புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்து, சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாகியிருக்கிறது.

1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் கிடைத்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் மைட்னருக்கு அந்தப் பரிசு வரவேயில்லை. நவம்பர் 7 அன்று நம் பள்ளிகளில் கியூரியையும் ராமனையும் பற்றிப் பேசும் ஆசிரியர்கள், பதிவேடு எந்தத் தேதியைச் சொன்னாலும், மைட்னரின் பெயரையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.