சிவாஜி படங்களில் எது?

திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்து, நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்தவர் சிவாஜி கணேசன். முதல் படம் 'பராசக்தி', 1952. பிறகு முன்னூறை நெருங்கும் படங்கள். அதில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் யாரும் திணறித்தான் போவார்கள்.

வசனத்துக்கு மயங்குகிறவர்கள் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்பார்கள். கெய்ரோ பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம் அது. ஒன்பது வேடம் என்றால் 'நவராத்திரி'. அடக்கி வாசித்த நடிப்புக்கு 'முதல் மரியாதை'.

திருவரங்கத்துக்கு நெருக்கமானது 'திருமால் பெருமை'. அரங்கனுக்குப் பூமாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வாராகவும், கோயிலுக்கு மதில் எழுப்பிய திருமங்கையாழ்வாராகவும் அதில் அவரே வருகிறார்.

அந்தப் படம் வந்த அதே 1968-இல், அதை இயக்கிய அதே ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் வந்தது 'தில்லானா மோகனாம்பாள்'. நம் ஓட்டு இதற்குத்தான்! நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக இதில் வருகிறார் சிவாஜி. கேட்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் கன்னம் உப்புவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும், விரல்கள் துளைகள் மேல் ஓடுவதையும் பார்க்கும்போது, சிக்கல் சண்முகசுந்தரமே ஊதுகிறார் என்றுதான் தோன்றும்.