சிபியு பெட்டிக்குள் காற்றின் பாதை

ஏப்ரல் மாதம், பிற்பகல் 2 மணி. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு பள்ளியின் கணினி அறை. மாணவி அரைமணி நேரம் தட்டச்சு செய்ததைச் சேமிப்பதற்குள் கணினி தானாக அணைந்துவிடுகிறது. ‘வைரஸ்’ என்கிறோம், ‘கரண்ட் சரியில்லை’ என்கிறோம். வெப்பத்தை நாம் சந்தேகிப்பது குறைவு. செயலியின் வெப்பநிலை சுமார் 100 டிகிரியை நெருங்கினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி நின்றுவிடும்.

இன்னொரு மின்விசிறி மாட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அறைக் காற்று 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் அதைவிடக் குறையாது. கடற்காற்று தாமதமாகும் நாள்களில் சென்னையின் சூடு எப்படி ஏறும் என்பது நமக்குத் தெரியும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினி 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நிமிடத்திற்கு 1 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியேறுகிறது. அந்தக் காற்று சுமார் 5 டிகிரி சூடேறும். காற்றை இரு மடங்காக்கினால் இரண்டரை டிகிரி. மும்மடங்காக்கினால் மேலும் ஒரு டிகிரிகூடக் குறையாது. எனவே எத்தனை மின்விசிறி என்பதைவிட, காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதே முக்கியம்.

மயிலாப்பூர் மாடவீதிகளின் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழைந்த காற்று கூடத்தைக் கடந்து கொல்லைப்புறம் போகும்; சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறும். பெட்டியிலும் அதே ஏற்பாடுதான்: முன்பக்கம் கீழே ஒரு மின்விசிறி காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கம் மேலே ஒன்று வெளியே தள்ள வேண்டும். பொதுவாக, ஸ்டிக்கரும் அதைத் தாங்கும் கம்பிகளும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். இதைக் கவனிக்காமல் திருப்பி மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். மூடியின் முன்பகுதியில் வெளியே தள்ளும் விசிறி வைப்பதும் வீண். புதுக் காற்று செயலியை எட்டுமுன்பே வெளியேறிவிடும்.

பெட்டியில் இடமிருந்தால் 80 மி.மீ. விசிறியைவிட 120 மி.மீ. நல்லது. மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறைவு. ரிச்சி தெருவுக்குப் போகுமுன் திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்: 120 மி.மீ. விசிறிக்கு 105 மி.மீ., 80 மி.மீ. விசிறிக்கு 71.5 மி.மீ. மதர்போர்டில் நான்கு முள் இணைப்பு இருந்தால் நான்கு முள் விசிறியையே வாங்கலாம். சூட்டுக்கேற்ப வேகம் மாறும்.

உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது சந்துகளின் வழியே காற்று வெளியேதான் கசியும். தூசி முன்பக்க வலையில் தங்கிவிடும். கடலோர ஈரப்பதத்தில் தூசி அப்பிக்கொள்ளும் என்பதால் அந்த வலையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்வது அவசியம். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது அப்போதைக்கு உதவும். தூசியோடு பல்லியும் குடியேறும்.

செலவே இல்லாத வேலைகளை முதலில் செய்யலாம். கணினி ஓடும்போது துணி உறையை முழுவதும் எடுத்துவிடுங்கள். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். மூடிய மேசை அறைக்குள் பெட்டி இருந்தால் அது வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள பெட்டியைத் திறக்க வேண்டாம். மற்றவற்றை, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும். தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையைப் பென்சிலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை மூடிக் கணினியை இயக்கியபின், மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மாணவரிடம் கொடுத்து முன்வலையருகே பிடிக்கச் சொல்லுங்கள். அது வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்புறம் பிடித்தால் வெளிப்பக்கமாகப் படபடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு விசிறி தலைகீழாக இருக்கிறது.