சட்டகத்துக்குள் வராத வாய்க்கால்

பறவைப் புகைப்படத்தைப் பார்க்கிறவர்கள் பறவையைப் பார்க்கிறார்கள். பறவை நிற்கிற தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பாலைவன ஏரி என்றால் கேட்டே ஆகவேண்டும். அங்கே தண்ணி சும்மா வந்து தேங்காது. யாரோ கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது யார் கையிலிருந்தாவது தப்பி வந்ததாக இருக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தென்கிழக்கே கிடக்கும் சால்ட்டன் கடல் தப்பி வந்த வகை. பாலை நிலத்தை விளைநிலமாக்க வந்த கம்பெனி 1901-இல் கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டியது. வாய்க்கால் வண்டல் மண்டித் தூர்ந்ததும் 1904-இல், மெக்சிகோ எல்லைக்குள், ஆற்றங்கரையை உடைத்துக் குறுக்குவழி திறந்தார்கள். சரியான மதகு கிடையாது. 1905-இல் வெள்ளம் வந்தது. உடைப்பு அகன்று, ஆறு ஏறக்குறைய முழுசாகத் திரும்பி, கடல்மட்டத்துக்கு 200 அடிக்கும் கீழே கிடந்த பள்ளத்தில் போய் விழுந்தது. 1907-இல்தான், அதுவும் ரயில்வே கம்பெனி பாறைகளைக் கொட்டி, அடைக்க முடிந்தது.

இதைச் ‘செயற்கை ஏரி’ என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அதே பள்ளத்தில் கொலராடோ ஆறு பல முறை வந்து நிரம்பி வற்றியிருக்கிறது. பழைய கரைகளில் கவியா பழங்குடியினர் கல் அடுக்கி மீன் பிடித்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. 1905-க்குப் பிறகு வந்த ஏரி அதே மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் கணிசமான பகுதியை விழுங்கியது. இயற்கை/செயற்கை என்ற எதிர்வு இங்கே யாருக்கு வசதி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏரி வற்றிப்போகாமல் நின்றதற்குக் காரணம் வயல்களின் வடிகால் நீர். உப்பு, உரம், செலினியம் எல்லாம் அதோடு வந்தன. வெளியேற வழி இல்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைத்தது. உப்பு ஏறிக்கொண்டே போனது. மீன்களும் புழுக்களும் கொழித்தன. இன்னொரு பக்கம் கலிபோர்னியா தன் ஈரநிலங்களில் பத்தில் ஒன்பது பங்கை அழித்துவிட்டது. அணைகள் வந்ததும் மெக்சிகோவில் கொலராடோவின் கழிமுகம் காய்ந்தது. வலசைப் பறவைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. 400-க்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியிருப்பதை ‘அதிசயம்’ என்கிறார்கள். அகதி முகாமில் கூட்டம் சேர்வதை யாரும் அதிசயம் என்பதில்லை.

1930-இல் இங்கே வனவிலங்குப் புகலிடம் அறிவித்தார்கள். அதன் பெரும்பகுதி பிறகு ஏறிய நீரில் மூழ்கியது. மிச்சமிருக்கிற வயல்களில் வாத்துகளுக்கென்றே பயிர் செய்கிறார்கள், பக்கத்து விவசாயியின் பயிரில் அவை இறங்காதிருக்க. வெண்வாத்துக் கூட்டம் ஒரே வீச்சில் எழும்புகிற அந்தப் பிரசித்தமான படத்துக்குப் பின்னால் இப்படியொரு தீவன ஏற்பாடு உண்டு. வேட்டைப் பருவத்தில் அதே புகலிடத்தின் சில பகுதிகளில் துப்பாக்கிக்கும் அனுமதி உண்டு. சூசன் சொன்டாக் 1977-இல் கேமராவைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டு எழுதியபோது உருவகமாகச் சொன்னார். இங்கே உருவகம் தேவைப்படவில்லை.

தொலைநோக்கு லென்ஸ் என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். குவியத்தூரம் கூடக்கூட, துவாரத்தை அகலத் திறக்கத் திறக்க, தெளிவாகத் தெரிகிற ஆழம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிடும். பறவையின் கண் கூர்மையாக நிற்கும். பின்னால் இருக்கிற வடிகால், மின்கம்பி, வயலில் குனிந்து நிற்கிற ஆள் எல்லாம் கலங்கிய வண்ணமாகக் கரைந்துவிடும். சுத்தமான பின்புலம் என்று இதைப் பாராட்டுவார்கள். படமெடுப்பவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை, நல்ல மனுஷனாகவே இருக்கலாம். மறைக்கிற வேலையை அவருக்காகக் கண்ணாடியே செய்து கொடுத்துவிடுகிறது. கருத்தியல் இப்படித்தான் வேலை செய்கிறது, யாருடைய கெட்ட எண்ணத்தையும் எதிர்பார்க்காமல்.

சால்ட்டன் கடலுக்கு இன்னொரு புகைப்பட மரபும் இருக்கிறது: கைவிடப்பட்ட உல்லாச விடுதிகள், செத்து ஒதுங்கிய மீன்கள், எலும்பும் சிப்பியுமான கரை. 1992-இல் ஏறக்குறைய 1,50,000 முக்குளிப்பான்கள் செத்தன. 1996-இல் பாட்டுலிச நோயில் செத்த ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்களில், அழிவின் விளிம்பில் இருந்த பழுப்புக் கூழைக்கடாக்களே ஆயிரத்துக்கு மேல். பறவைப் படம் சொர்க்கம் காட்டுகிறது, இது நரகம் காட்டுகிறது. இரண்டிலும் ஆள் இல்லை. கரையோர ஊர்களில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிகள். 2003 ஒப்பந்தத்தில் வயல் தண்ணீரில் ஒரு பங்கு சான் டியாகோ நகரத்துக்கு விற்கப்பட்டது. ஏரிக்கு ஈடாக விட்டுவந்த நீரும் 2017-இல் நின்றது. ஏரி பின்வாங்க, அடியில் படிந்திருந்த நஞ்சு தூசியாகிப் பறக்கிறது. ஆஸ்துமாவுக்காகக் குழந்தைகள் அவசரச் சிகிச்சைக்கு ஓடுவது அந்த மாநிலத்திலேயே அதிகமாக இருக்கிற மாவட்டங்களில் ஒன்று இது.

அபுதாபிக்கு வெளியே உள்ள அல் வத்பா, கொண்டுவந்த வகையைச் சேர்ந்தது. சுத்திகரித்த சாக்கடை நீர் 1980-களில் தேங்கி உண்டான ஏரி. பூநாரைகள் அங்கே குஞ்சு பொரித்ததும் 1998-இல் காப்பிடமாக்கினார்கள். 2013-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. உப்புநீர் இறாலைத் தின்றுதான் பூநாரைக்கு அந்த இளஞ்சிவப்பு. அந்த நகரத்தைக் கட்டப்போன நம்மூர்க்காரன் குளித்த தண்ணீரும் அந்த ஏரியில் கலந்திருக்கும், படத்தில்தான் வராது.

சால்ட்டனில் உப்பு இப்போது சமுத்திரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மீன் அநேகமாக ஒழிந்தது. மீனுண்ணிப் பறவைகள் குறைந்துவிட்டன. ஏரியின் தெற்கே கரை கட்டி, ஆற்று நீரையும் ஏரி நீரையும் அளந்து கலந்து, கூடு கட்டத் தீவுகளோடு குளங்கள் அமைக்கிற வேலையை 2021-இல் அரசு தொடங்கியது. தூசியை அடக்கவும் பறவைகளுக்குமாக ஒரே திட்டம். அந்தக் குளங்களில் உப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைப் பொறியாளர்கள் தீர்மானிக்கிறார்கள்.