மலை மிதிவண்டியில் ஒற்றை முன்பற்சக்கர அமைப்பு

ஒற்றை முன்பற்சக்கர அமைப்பு என்பது மலை மிதிவண்டியின் பெடல் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று பற்சக்கரங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு பற்சக்கரத்தைப் பயன்படுத்தும் முறையாகும். எல்லாக் கியர்களும் பின்சக்கரத்தில் உள்ள கேசட்டில் இருந்தே கிடைக்கின்றன. முன் மூன்று, பின் ஒன்பது பற்சக்கரங்கள் கொண்ட பழைய வண்டிகளையும் இம்முறைக்கு மாற்றலாம். ஆனால் பற்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடாமல் மாற்றினால், முன்பு ஏறிய மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரிடும்.

வரலாறு

மலை மிதிவண்டிகளில் நெடுங்காலம் மூன்று முன்பற்சக்கரங்களே வழக்கமாக இருந்தன. சிறியது ஏற்றத்திற்கும், நடுவிலுள்ளது பொதுவான ஓட்டத்திற்கும், பெரியது வேகத்திற்கும் பயன்பட்டன. சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ள டிரெயிலியர் எனப்படும் முன் கியர் மாற்றி தேவைப்பட்டது. இறக்கப் போட்டிகளில் ஓட்டியவர்கள் முன்பே ஒரே பற்சக்கரத்தைப் பயன்படுத்தினர். எனினும் சங்கிலி கழலாமல் இருக்கத் தனியாக ஒரு வழிகாட்டிக் கருவியைப் பொருத்த வேண்டியிருந்தது.

2012இல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற 11 கியர் தொகுதியை வெளியிட்டது. அதன் கேசட்டில் 10 முதல் 42 பற்கள் வரை இருந்தன. 2016இல் அதே நிறுவனத்தின் ஈகிள் தொகுதி 10–50 பற்களுடன் 12 கியர்களைத் தந்தது. 2018இல் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் 10–51 பற்களுடன் 12 கியருக்கு வந்தது.

சங்கிலி கழலாமல் இருப்பது எப்படி?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பற்களின் வடிவம். சங்கிலியில் உள் தகடு, வெளித் தகடு என இரு வகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. வெளித் தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி அகலமானது. ஒற்றை முன்பற்சக்கரத்தின் பற்களும் இதற்கேற்ப ஒன்று அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் வெட்டப்படுகின்றன. இதனால் பற்கள் சங்கிலியைப் பக்கவாட்டில் நகர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இவ்வகைச் சக்கரத்தில் பற்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். சங்கிலியை மாட்டும்போது அகலப் பல் வெளித் தகட்டுக் கண்ணிக்குள் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச் உள்ள பின் கியர் மாற்றி. மேடு பள்ளங்களில் கியர் மாற்றியின் கை முன்னோக்கி ஆடும்போது சங்கிலி தளர்கிறது. கிளட்ச் அந்த அசைவுக்கு உராய்வு கொடுத்துத் தளர்ச்சியைக் குறைக்கிறது.

கியர் கணக்கு

முன்பற்களின் எண்ணிக்கையைப் பின்பற்களால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதே இதன் பொருள். விகிதம் குறையக் குறைய ஏற்றம் எளிதாகும்.

எடுத்துக்காட்டாக, முன்னால் 22, 32, 44 பற்களும் பின்னால் 11–34 கேசட்டும் கொண்ட 26 அங்குல வண்டியைக் கொள்ளலாம். அதில் பெயரளவில் 27 கியர்கள் உள்ளன. ஆனால் 22க்கு 13 தரும் அதே விகிதத்தை 44க்கு 26 தருகிறது. 22க்கு 15, 44க்கு 30 ஆகியவையும் ஒன்றே. 22க்கு 17, 44க்கு 34 ஆகியவையும் அப்படியே. இவை தவிர, மிக நெருக்கமான விகிதங்களும் பல உண்டு. ஆகவே 27இல் 11ஆகக் குறைவது தோற்றமளிக்கும் அளவுக்குப் பெரிய இழப்பு அன்று. கவனிக்க வேண்டியவை இரு முனைகளே.

இவ்வண்டியின் மிக எளிய கியர் 22/34, அதாவது 0.65. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர் என்பதால் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி 1.34 மீட்டர் நகரும்.

• 32 பல் முன்சக்கரம், 11–42 கேசட்: எளிய விகிதம் 0.76, நகர்வு 1.58 மீட்டர். பழையதைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு கடினம்.
• 30 பல் முன்சக்கரம், 11–42 கேசட்: எளிய விகிதம் 0.71, நகர்வு 1.48 மீட்டர். ஏறக்குறைய 10 விழுக்காடு கடினம்.
• 32 பல் முன்சக்கரம், 11–51 கேசட்: எளிய விகிதம் 0.63, நகர்வு 1.30 மீட்டர். பழையதைவிடச் சற்று எளிது.

மறுமுனையில் வேகம் குறையும். நிமிடத்துக்கு 80 முறை பெடல் சுற்றினால் 44/11 கியரில் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் கிடைக்கும். 32/11 கியரில் அது 29 கிலோமீட்டராகிறது. காட்டுப் பாதையில் இது பெரிதாகத் தெரியாது. தார்ச்சாலையில் நெடுந்தூரம் செல்பவருக்குத் தெரியும்.

பொருத்தம் பார்த்தல்

பழைய மூன்று சக்கரக் கிராங்குகள் பலவற்றில், வெளி மற்றும் நடுச் சக்கரங்களைத் தாங்கும் நான்கு போல்ட் துளைகள் 104 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. அதில் 32 பல் சக்கரம் இயல்பாகப் பொருந்தும். 30 பல்லுக்குத் தனி வடிவமைப்புள்ள சக்கரம் தேவை. அதனினும் சிறிய சக்கரம் வேண்டுமெனில் பெரும்பாலும் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே கிராங்கை வைத்துக்கொண்டு ஏற்றத் திறனையும் காக்க விரும்புபவர் பெரிய கேசட்டைத் தேட வேண்டும்.

10 பல்லில் தொடங்கும் 12 கியர் கேசட்டுகள் பழைய ஃப்ரீஹப்பில் பொருந்துவதில்லை. அவற்றுக்கு எக்ஸ்டி அல்லது மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப் வேண்டும். ஷிமானோ டியோர் எம்5100 வரிசையின் 11–51 கேசட், 9 கியர் கேசட் மாட்டும் பழைய ஃப்ரீஹப்பிலேயே பொருந்தும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் வரிசை 9 கியரில் 11–42 கேசட்டும் கிளட்சும் தருகிறது. விலை குறைந்த வண்டிகளில் மரையால் முறுக்கி மாட்டும் ஃப்ரீவீல் இருந்தால் இக்கேசட்டுகள் எதுவும் பொருந்தா. அவ்வண்டிகளுக்குச் சக்கரத்தின் ஹப்பையும் மாற்ற வேண்டும்.

கியர் மாற்றியும் ஷிஃப்டரும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. ஷிமானோவின் 9, 10, 11 கியர் மலை வண்டிப் பாகங்களில் கேபிள் இழுபடும் அளவு வேறுபடுவதால் அவற்றைக் கலக்கக் கூடாது. சங்கிலியும் கேசட்டின் கியர் எண்ணிக்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

மாற்றும் முறை

1. சங்கிலி, முன் கியர் மாற்றி, அதன் கேபிள், இடப்பக்க ஷிஃப்டர் ஆகியவை கழற்றப்படும்.
2. கிராங்கிலிருந்து மூன்று சக்கரங்களும் அகற்றப்பட்டு, நடுச் சக்கரம் இருந்த இடத்தில் புதிய சக்கரம் பொருத்தப்படும். வெளிச் சக்கரத்தின் தடிமன் இல்லாததால் நீளம் குறைந்த போல்ட்டுகள் தேவை. பழைய போல்ட்டுகள் முழுமையாக இறுகா.
3. பழைய கேசட் கழற்றப்பட்டுப் புதியது ஏற்றப்படும். அதன் பூட்டு வளையம் சுமார் 40 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்கப்படும்.
4. புதிய பின் கியர் மாற்றி, ஷிஃப்டர், கேபிள் ஆகியவை பொருத்தப்படும். கியர் மாற்றியைத் தாங்கும் காது வளைந்திருந்தால் முதலில் நேராக்க வேண்டும்.
5. சங்கிலியைக் கியர் மாற்றி வழியே செலுத்தாமல் முன்சக்கரத்தையும் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தையும் சுற்றி வைத்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் கூடுதல் கண்ணிகளைச் சேர்த்து நீளம் முடிவு செய்யப்படும். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், அது அமுங்கும்போது சங்கிலி அதிக நீளம் கேட்கும் நிலையில் அளக்க வேண்டும். சங்கிலி குட்டையானால் கியர் மாற்றி முறியக்கூடும்.
6. இரு முனை எல்லைத் திருகுகள், மேல் உருளைக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் இடைவெளி தரும் திருகு, கேபிள் இறுக்கம் ஆகியவை சரிசெய்யப்படும்.

நன்மைகளும் குறைகளும்

ஒரே ஷிஃப்டர் என்பதால் கரடுமுரடான பாதையில் கியர் மாற்றும் குழப்பம் குறைகிறது. சேறு அடைக்கும் இடமும் பழுதாகும் பாகங்களும் குறைகின்றன. இடப்பக்கக் கைப்பிடியில் கிடைக்கும் இடத்தில், இருக்கையை ஏற்றி இறக்கும் நெம்பைப் பொருத்தலாம். எடை குறைவது உண்மையே எனினும், பெரிய கேசட் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கூட்டிவிடும்.

அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே தாவல் பெரிது. மிகப் பெரிய பின்பற்சக்கரத்தில் சங்கிலி சாய்வாக ஓடுவதால் தேய்மானம் அதிகம். முன்பு மூன்று சக்கரங்கள் பகிர்ந்த சுமையை ஒன்றே தாங்குவதால் முன்சக்கரமும் விரைவில் தேயும். சங்கிலி 0.5 விழுக்காடு நீண்டதும் அதை மாற்றிவிட்டால் விலை உயர்ந்த கேசட் நீண்ட நாள் உழைக்கும்.