பில் ஹாஸ்ட்டும் இருளர்களின் பானைகளும்

டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் காரோட்டினால் ஜார்ஜியன் வளைகுடாவின் கரையில் கில்பேர் என்றொரு பூங்கா வரும். சென்ற கோடையில் அலுவலக நண்பர்களோடு அங்கே கூடாரமடித்துத் தங்கப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் மசசாகா ராட்டில்ஸ்னேக் பற்றிய அறிவிப்புப் பலகை. ஒன்டாரியோ மாகாணத்தில் மிச்சமிருக்கும் ஒரே விஷப்பாம்பு அது. அதுவும் அருகிவரும் இனம் என்பதால், பாம்புக்கு நம்மால் ஏதும் ஆகிவிடக்கூடாதே என்பதுதான் பலகையின் பெரிய கவலை. கடித்துவிட்டால் பக்கத்து ஊரான பாரி சவுண்ட் மருத்துவமனையில் மருந்து தயாராக இருக்கிறது.

"உனக்கென்ன, இந்தியாவில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்திருப்பாய்" என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் என் தாத்தா ஊர். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வயலில் வேலை பார்த்த ஒருவர், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், நடுராத்திரி வயிற்றுவலி என்று எழுந்தார். பல் பட்ட தடமே தெரியவில்லை. விடியும் நேரத்தில் இமைகளைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் அப்படித்தான். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தி மட்டும் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வந்து, கடைசியில் மூச்சை நிறுத்தும். மொபெட்டில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். முதலில் போன இடத்தில் மருந்து இல்லை. இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று பல வருடங்கள் கழித்துத் தேடிப் படிக்கையில்தான் பில் ஹாஸ்ட் என்ற பெயர் கண்ணில் பட்டது.

1910 டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பான் ஆம் விமானங்களில் பொறியாளராகப் பறந்தார். போன ஊர்களிலிருந்தெல்லாம் பாம்புகளைக் கொண்டுவந்தார். (சக ஊழியர்கள் எப்படிச் சகித்தார்களோ!) 1947ல் ஃப்ளோரிடாவில் மயாமி சர்ப்பன்டேரியத்தைத் திறந்தார். மக்கள் பார்க்க, வெறுங்கையால் நாகத்தைப் பிடித்து விஷம் எடுப்பார். அந்த நுழைவுச் சீட்டுப் பணத்தில்தான் ஆராய்ச்சிக்கான விஷச் சேகரிப்பு நடந்தது. 1977ல் ஒரு சிறுவன் அங்கிருந்த முதலைக் குழியில் விழுந்து இறந்தான். ஹாஸ்ட் அந்த முதலையைச் சுட்டுக் கொன்றார். 1984ல் காட்சிசாலையை மூடிய அவர், 1990ல் ஃப்ளோரிடாவின் வேறோர் ஊரில் விஷ ஆய்வகத்தை மட்டும் மீண்டும் தொடங்கினார்.

1948லிருந்து நாக விஷத்தை மிகச் சிறிய அளவில் தன் உடம்பிலேயே ஊசியாகச் செலுத்திக்கொண்டார். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. விஷமுறிவு மருந்து செய்யும் முறையே அதுதான். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருட்கள் ஊறும். அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1890களில் காட்டிய வழி, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஹாஸ்ட் குதிரையின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். 170 தடவைக்கு மேல் கடிபட்டும் பிழைத்தார். வெனிசுவேலாவில் பாம்பு கடித்த ஒரு சிறுவனுக்காக விமானமேறிப் போய் இரத்தம் கொடுத்தார். 2011 ஜூனில் நூறு வயதில் இறந்தார், படுக்கையில்.

பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கடிக்கணக்கைத்தான் எழுதின. நமக்கு முக்கியமாகப் படவேண்டியது வேறு. 1960களில் அவரிடம் வேலை கற்ற ஓர் இளைஞர், கொடைக்கானலில் பள்ளி படித்த அமெரிக்கர், 1967ல் இந்தியா திரும்பினார். அவர்தான் ராமுலஸ் விட்டேகர். சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கியவர். விஷம் எடுப்பதை மயாமியில் கற்றிருந்தார். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு ஆசான்கள் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்கள்.

அன்றைக்கு இருளர்கள் பாம்பைத் தோலுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. தடை சரிதான், ஆனால் தோல் வியாபாரிகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், இருளர்கள் எங்கே போவது? பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்று விட்டேகரும் அவர்களும் சேர்ந்து யோசித்ததில், 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கும் அந்த இடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் போனேன். மணல் பரப்பிய தாழ்வான குழி. வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி. ஒவ்வொன்றிலும் நல்ல பாம்போ, கட்டுவிரியனோ, கண்ணாடி விரியனோ, சுருட்டை விரியனோ. மூன்று வாரம் போல வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். விஷம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கடிபட்டதுண்டா என்று கேட்டேன். மடங்கிய சுண்டுவிரலைக் காட்டினார். "நம்ம விஷத்துல செஞ்ச மருந்துதான் சார் போட்டாங்க" என்றார்.

இந்தியாவில் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விஷத்தின் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது. என் தாத்தா ஊர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

இந்த அமைப்பில் ஒரு கோளாறும் உண்டு. பாம்பு விஷம் ஊருக்கு ஊர் மாறும். ஒரே கண்ணாடி விரியன்தான், ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கலவை, பஞ்சாபில் வேறு கலவை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினரின் ஆய்வுகள், நாட்டின் சில பகுதிப் பாம்புகளிடம் இந்த மருந்து எவ்வளவு தடுமாறுகிறது என்று காட்டியிருக்கின்றன. இலங்கையும் நெடுங்காலமாக இந்திய மருந்தையே நம்பியிருக்கிறது. அங்கே நிறையப் பேரைக் கடிக்கும், மூக்கு நிமிர்ந்த சிறு விரியன் வகைக்கு அது வேலை செய்வதில்லை. அந்தப் பாம்பு நாம் சொல்லும் 'நால்வர்' பட்டியலிலேயே இல்லையே! இதற்கு இருளர்கள் மேல் குறையில்லை. மற்ற மாநிலங்களிலும் இப்படிச் சங்கங்கள் வேண்டும் என்று விட்டேகரே பல காலமாகச் சொல்லிவருகிறார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 2020ல் வந்த மதிப்பீடு.

இருளர்களுக்கு வெளிச்சம் தாமதமாகத்தான் வந்தது. 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் மலைப்பாம்பு பிடிக்க வரவழைத்தது, ஹாஸ்ட் வாழ்ந்த அதே ஃப்ளோரிடா. சில வாரங்களில் இருபதுக்கு மேல் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஹாஸ்ட் செய்ததை நம் காலத்தில் டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் செய்தார். பதினெட்டு வருடம் போலப் பல பாம்புகளின் விஷத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். அவர் இரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்புப் பொருட்களோடு ஒரு வேதிமருந்தையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்த 19 இனங்களின் விஷத்தை அது முழுமையாகவோ ஓரளவுக்கோ தாங்கவைத்தது என்று 2025ல் செல் இதழில் கட்டுரை வந்தது. குதிரையே வேண்டியிராத மருந்து ஒருநாள் வரலாம். ஆனால் அது விரியன் குடும்பத்தைத் தொடவில்லை. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் இன்றும் குதிரை வேண்டும், குதிரைக்கு விஷம் வேண்டும், விஷத்துக்கு விடியற்காலையில் கடப்பாரையோடு வரப்பில் தடம் பார்த்து நடக்கும் ஒருவர் வேண்டும்.