வக்காலத்தில் கையெழுத்திடுமுன்

தந்தை உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மூத்த மகன் வீட்டையும் நிலத்தையும் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டு, தாய்க்கும் மணமாகிச் சென்ற தங்கைக்கும் பங்கில்லை என்கிறான். பங்குத்தந்தையும் பெரியவர்களும் எடுத்துரைத்தும் இணக்கம் ஏற்படவில்லை. இனி நீதிமன்றமே வழி என்றானபின் எழும் முதற்கேள்வி, எந்த வழக்கறிஞரிடம் செல்வது என்பதே.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1974இல் நிறுவப்பட்ட ஒரு வாரியம், தேர்வு நடத்தி, துறைவாரியாகத் தனித்தேர்ச்சி பெற்ற வழக்கறிஞர்களுக்குச் சான்றளித்து வருகிறது. உரிமையியல் வழக்கு நடத்துவதும் அத்துறைகளுள் ஒன்று. நம் நாட்டில் அத்தகைய சான்று இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் மூத்த வழக்கறிஞர், ஏனைய வழக்கறிஞர் என இரு வகுப்பாரையே குறிப்பிடுகிறது. மூத்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் நேரே வக்காலத்துப் பெறலாகாது. இன்ன துறையில் வல்லவர் என்று பெயர்ப்பலகையில் பொறித்துக்கொள்வதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. எனவே பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கொண்டு மதிப்பிடுவோர் பலர். குற்றவியல் வழக்குகளில் பெயரெடுத்தவரிடம் பாகப்பிரிவினையை ஒப்படைத்துவிட்டுத் தவிப்போரும் உண்டு.

நீதிமன்றம் பொதுவாக யாவரும் சென்று அமர்ந்து கேட்கக்கூடிய இடமே. ஒரு முற்பகல் அங்கே அமர்ந்து, நாம் எண்ணியிருக்கும் வழக்கறிஞர் எதிர்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைக் கவனிக்கலாம். சொத்து வழக்கு நடத்திய குடும்பங்களை விசாரிக்கலாம். வென்றவர் புகழ்வது இயல்பு. தோற்ற பின்னும் தம் வழக்கறிஞரைக் குறை கூறாதவர் ஒருவர் கிடைத்தால், அதனினும் பெரிய நற்சான்று வேண்டியதில்லை என்பது எம் எண்ணம்.

முதற்சந்திப்பிலேயே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை அவர் முன் வையுங்கள். அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கிறாரா, படியாமலே வெற்றி நிச்சயம் என்கிறாரா என்று பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தார் குறிப்பாகக் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: எந்தச் சட்டப்படி பங்கு கோருவீர்கள்? நமக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டமன்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. கூட்டுக் குடும்பச் சொத்து என்று பழக்கத்தால் எழுதிவிடும் வழக்கறிஞரால் வழக்கு வீணே திசை மாறும்.

கோரும் பரிகாரமும் முக்கியமானது. உரிமைமூலமே ஐயத்துக்குள்ளாகியிருக்கும்போது, தடையுத்தரவு மட்டும் கேட்டால் போதாது, உரிமை விளம்புகையும் கோரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியுள்ளது. ஒரே வழக்கில் கேட்டிருக்கவேண்டிய பரிகாரத்தை நீதிமன்ற அனுமதியின்றி விட்டுவிட்டால், பின்னர் தனி வழக்கிட்டுக் கேட்க இயலாமற் போகலாம். எதைக் கோருவீர்கள், எதைக் கோரமாட்டீர்கள், ஏன் என்று வினவத் தயங்கவேண்டாம். நல்ல வழக்கறிஞர் இதற்குச் சினம் கொள்ளார்.

கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்வது நலம். நீதிமன்றக் கட்டணம் வேறு, வழக்கறிஞர் கட்டணம் வேறு. தீர்ப்பில் கிடைக்கும் சொத்தில் பங்கு தருமாறு பேசுபவர் தம் தொழில் விதியையே மீறுகிறார். பணவசதியற்ற தாய்மார் இதனால் பின்வாங்கவேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவி கோரலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுச் செய்தால் வழக்கறிஞர் அமர்த்தித் தரப்படுவார்.

மூலப்பத்திரங்களை ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். இடையில் வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டுகளை நிறுத்திவைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பாக்கியிருப்பின் அவர் அதைத் தனியே வசூலிக்கவேண்டும். பழைய வழக்கறிஞரின் இசைவைப் பெற்றுப் புது வக்காலத்துத் தாக்கல் செய்வதே வழக்கம். அவர் இசையாவிடில் நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம்.