வீட்டில் துப்பாக்கி: காவலா, கவலையா?

குன்னத்துகாலில் ரப்பர் தோட்டத்து நடுவே தனியாகக் குடியிருக்கும் அன்பர் ஒருவர், "தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் சுடவும் சட்டத்தில் இடமுண்டு. தப்பி ஓடுகிற திருடனைச் சுட்டாலோ வழக்கு நம்மீதே பாயும்.

துப்பாக்கியால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோது, உரிமம் உள்ளவர்களின் துப்பாக்கிகள் ஊருக்கு உதவின.

வீட்டுக் காவல் வேறு. பூட்டி வைத்தால் நள்ளிரவில் நம் கைக்கு எட்டாது. பூட்டாவிட்டால் பேரப்பிள்ளையின் கைக்கு எட்டும். மனம் உடைந்தவர் கைக்கும் எட்டும்: துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்குமேல் தற்கொலைகளே.

வாசலில் நல்ல விளக்கு, ஒரு நாய், அயல்வீட்டாரோடு நல்லுறவு: இவற்றை முதலில் தேடுங்கள் என்றேன்.